இரண்டாவது பீப்பாய்க்கு அப்பால்

வயலுக்கு மேலே தாழப் பறந்து பூச்சிமருந்து தெளிக்கிற ஒற்றை இருக்கை விமானம் ஒன்றுக்கு, தரையில் நின்று மருந்து கலந்து ஏற்றுவது அவன் வேலை. சேர்ந்து பதினெட்டு வருடம் ஆகியிருந்தது. தண்ணீர் இத்தனை, மருந்து இத்தனை என்பதில் ஒரு லிட்டர் கூடினாலும் குறைந்தாலும் அவனுக்குச் சோறு இறங்காது. அதனால் எல்லோரும் அவனை 'அளவுக்காரர்' என்றே கூப்பிட்டார்கள். வீட்டிலும் அதே கதைதான். தேநீருக்குச் சர்க்கரை போடும்போது கரண்டியின் மேல் நிற்கும் குவியலை விரலால் வழித்துவிட்டுத்தான் போடுவான். "சர்க்கரை போடறீங்களாப்பா, மருந்து கலக்கறீங்களா?" என்று மகள் கேட்பாள்.

அந்த விமானத்தை ஓட்டியது அவன் மனைவி.

புதிதாகக் கேட்கிறவர்கள் முதலில் நம்பமாட்டார்கள், பிறகு அவனைப் பார்த்துச் சிரிப்பார்கள். அவனே முந்திக்கொண்டு சொல்லிவிடுவான்: "வீட்டுல அவ ஏத்துற பாரத்த நான் சுமக்கறேன். வேலையில நான் ஏத்துற பாரத்த அவ சுமக்கறா. சரிக்குச் சரியாப் போச்சு."

உண்மையில் பறக்க ஆசைப்பட்டவன் அவன்தான். இருபத்திரண்டு வயதில் பறக்கும் பயிற்சிப் பள்ளி ஒன்றில் போய் நின்றான். கண் பரிசோதனையில் பச்சைக்கும் சிவப்புக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்று எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்குத் திரும்ப மனம் வராமல் அங்கேயே பட்டறையில் எண்ணெய் மாற்றுகிற, சக்கரம் கழற்றுகிற ஆளாகச் சேர்ந்துகொண்டான். அவள் அங்கே படிக்க வந்தவள். தரையிறங்கும்போது விமானத்தைத் தட்டாமாலை சுற்றவிட்டு, இறங்கி வந்து, "சக்கரத்துல ஏதோ கோளாறு, பாருங்க" என்று அவனிடம் சொன்னாள். அவன் பார்த்தான். சக்கரத்தில் ஒன்றுமில்லை. "ஆமா, கொஞ்சம் லூசா இருந்துச்சு" என்று பயிற்சியாளர் காதில் விழும்படி சொன்னான். கல்யாணம் அங்கே தொடங்கியது என்று அவள் பிற்பாடு சொல்வாள்.

பயணிகள் விமானம் ஓட்டுகிற வேலை அவளுக்குக் கிடைக்கவில்லை. மருந்து தெளிக்கும் நிறுவனம் ஒன்றில் ஆள் தேவைப்பட்டது. இரண்டு பேரும் சேர்ந்தே போய்ச் சேர்ந்தார்கள். ஓடுபாதையில் அவன் அவளை 'கேப்டன்' என்பான். வீட்டுக்கு வந்தால் அவள் அவனை 'என்னங்க' என்பாள். இரண்டிலும் பாதி மரியாதை, பாதி கேலி.

ஓடுபாதை என்றால் தார் போட்டது ஒன்றுமில்லை. சோளக் காடுகளுக்கு நடுவே தொள்ளாயிரம் மீட்டர் நீளத்துக்கு உருளை ஓட்டி இறுக்கிய புல்தரை. இந்தக் கோடியில் தகரக் கொட்டகை, தண்ணீர் டாங்கி, மருந்துக் கேன்கள், லாரி. அந்தக் கோடியில் ஒரு வாய்க்கால், அதன் கரை ஆள் உயரம். ஓரத்தில் வெள்ளையடித்த இரண்டு பீப்பாய்களை அவர்களே கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். முதல் பீப்பாய்க்குள் விமானத்தின் வால் தரையைவிட்டு எழும்ப வேண்டும். இரண்டாவது பீப்பாய்க்குள் சக்கரம் எழும்ப வேண்டும். எழும்பவில்லை என்றால் யோசிக்கவே கூடாது, இடதுகைப் பக்கம் இருக்கும் சிவப்புப் பிடியை இழுத்துவிட வேண்டும். விமானத்தின் வயிறு திறந்து மருந்து முழுக்க ஐந்து விநாடியில் கொட்டிவிடும். எடை போய்விட்டால் விமானம் தானாக எழும். பதினெட்டு வருடத்தில் அவள் மூன்று தடவை அப்படிக் கொட்டியிருந்தாள். மூன்று தடவையும் இறங்கி வந்து, "ஒரு டாங்கி வீணாப் போச்சு, முதலாளி மூஞ்சியப் பார்க்கணும்" என்று சிரித்தாள்.

அந்த வாரம் இரண்டு நாள் மழை. மூன்றாம் நாள் வெயில் சுள்ளென்று அடித்தது. சோளத்தில் புழு பரவிக்கொண்டிருந்தது. முதலாளி காலையிலேயே இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டார். "தரை எப்படி இருக்கு?" என்று அவரும் கேட்கத்தான் செய்தார். அவளே கடைசிவரை நடந்து, குதிகாலால் மிதித்துப் பார்த்துவிட்டு, "நடுவுல கொஞ்சம் மெத்துன்னு இருக்கு. பரவால்ல, ஓட்டலாம்" என்றாள். காலையில் ஏழு தடவை ஏறி இறங்கினாள். ஒரு பிசகும் இல்லை.

எட்டாவது தடவைக்கு முன்னால் எரிபொருள் நிரப்பினார்கள். மணி பத்தரை. எரிபொருள் நிறைந்திருந்தால் மருந்தில் நூற்றைம்பது லிட்டர் குறைப்பது வழக்கம். எஞ்சினை நிறுத்தாமலேயே ஏற்றுவார்கள், பேச்சுக் கேட்காது. அவன் குழாயைப் பொருத்திவிட்டு, இறக்கைமேல் ஒரு காலை வைத்து எம்பி, அவள் காதருகே கத்தினான்.

"நூத்தம்பது குறைச்சுடவா கேப்டன்?"

அவள் தலைக்கவசத்தோடு தலையை ஆட்டினாள். "வேணாம்! வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் ஒரு துண்டுதான் பாக்கி. முழுசாப் போட்டா இதோட முடிஞ்சுரும்!"

"தரை ஈரம்!"

"காலையிலேர்ந்து ஈரத்துலதானப்பா ஓட்டறேன்!"

அவள் சொன்னது நியாயம்தான். எதிர்க்காற்றும் நன்றாக இருந்தது. கொட்டகைக்கு மேலே கம்பத்தில் கட்டிய காற்றுப்பை விறைத்து நின்றது. அவன் இறங்கி, வால்வைத் திறந்து, மீட்டரில் ஆயிரத்து இருநூறு வரும்வரை பார்த்துக்கொண்டிருந்து, மூடினான். குழாயைக் கழற்றினான். வழிந்த சொட்டுகளைத் துணியால் துடைத்தான். பின்னால் நகர்ந்து கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான். அவளும் காட்டினாள். விமானம் உறுமிக்கொண்டு நகர்ந்தது.

அப்போதுதான் அவன் அண்ணாந்து பார்த்தான். காற்றுப்பை தொங்கிப்போயிருந்தது. ஒரு கணம் செத்த எலி மாதிரி கம்பத்தோடு ஒட்டிக் கிடந்தது. பிறகு மெல்ல எழுந்து அந்தப் பக்கமாகத் திரும்பியது. காற்று பின்னாலிருந்து அடிக்கத் தொடங்கியிருந்தது.

அவன் கையைத் தூக்கினான். அவள் முன்னால் பார்த்துப் போய்க்கொண்டிருந்தாள். வாக்கி-டாக்கி லாரி இருக்கையில் கிடந்தது. இருபது அடி தூரம் இருக்கும். அவள் பார்த்திருப்பாள் என்று நினைத்தான். பார்க்காமல் விடுகிற ஆளா அவள்? இருந்தாலும் இரண்டு எட்டு லாரியை நோக்கி வைத்தான், பிறகு நின்று விமானத்தைப் பார்த்தான்.

முதல் பீப்பாய். வால் எழுந்தது, ஆனால் தாமதம். நடுவில் மெத்தென்று இருந்த இடத்தில் சேறு தெறித்தது. இரண்டாவது பீப்பாய். சக்கரம் தரையில்தான் இருந்தது.

"கொட்டு" என்றான் வாய்க்குள். விமானத்துக்கு அடியில் வெள்ளையாக ஒன்றும் விழவில்லை. "கொட்டு! கொட்டுடி! கொட்டிடு!" என்று தொண்டை கிழியக் கத்தினான். அரைக் கிலோமீட்டருக்கு அப்பால், எஞ்சின் இரைச்சலுக்குள் இருக்கிறவளுக்கு அது எப்படிக் கேட்கும்? கேட்காது என்று தெரிந்தே கத்தினான்.

கடைசியில் மூக்கு எழுந்தது. சக்கரமும் எழுந்தது, ஒரு முழம் இருக்கும். வாய்க்கால் கரை அதைவிட உயரம். சக்கரம் கரையில் இடித்தது. வால் மேலே போனது, விமானம் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் சோளத்துக்குள் குட்டிக்கரணம் போட்டு மல்லாந்தது. எஞ்சின் இரைச்சல் அவன் காதில் இன்னும் ஓடிக்கொண்டே இருந்தது, கண்ணுக்கு முன்னால் விமானம் கவிழ்ந்து கிடந்தது. மோதிய சத்தம் அதற்குப் பிறகுதான் வந்து சேர்ந்தது.

லாரியை எடுத்து ஓடுபாதையிலேயே விரட்டினான். வாய்க்கால் வந்ததும் லாரி நின்றுதானே ஆகவேண்டும். பாலம் ஒரு கிலோமீட்டர் தள்ளி இருந்தது. அப்படியே இறங்கினான். மழைத் தண்ணீர், மார்பு வரை ஓடியது. மறுகரை ஏறும்போதுதான் சட்டைப்பையில் இருந்த கைபேசி நினைவுக்கு வந்தது. எடுத்துப் பார்த்தான். திரை கறுத்துவிட்டது. அதையே மூன்று நான்கு தடவை அமுக்கிப் பார்த்தான்.

விமானம் தலைகீழாகக் கிடந்தது. தீப் பிடிக்கவில்லை. அவள் இருக்கை வார்களில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தாள். எங்கிருந்தோ எரிபொருள் சொட்டியது. உடைந்த தொட்டியிலிருந்து பால் நிற மருந்து அவள் தோளிலும் கழுத்திலும் வழிந்துகொண்டிருந்தது.

அவன் மண்ணோடு ஊர்ந்து உள்ளே போனான். முதலில் மின்சார சுவிட்சை அணைத்தான். பிறகு வாரின் பூட்டில் கையை வைத்தான், வைத்த கையை அப்படியே எடுத்துவிட்டான். பூட்டைத் திறந்தால் அவள் கழுத்து தரையில் மோத விழுவாள். தீப் பிடித்தால் ஒழிய அவிழ்க்கக் கூடாது என்று பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அவள் தலையைக் கவசத்தோடு இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, தோளைத் தன் தோளால் முட்டுக்கொடுத்தபடி மல்லாந்து படுத்துக்கொண்டான்.

"என்னங்க" என்றாள் அவள்.

"இருக்கேன். இங்கதான் இருக்கேன்."

"காலு எங்க?"

"இருக்கு. மேல இருக்கு."

"எனக்குத் தெரியலையே."

"தலைகீழா இருக்க இல்ல, அதான்."

"எரியுதுப்பா, கழுத்து எரியுது" என்றாள்.

தோலில் மருந்து பட்டால் உடனே தண்ணீர் ஊற்ற வேண்டும், குறைந்தது கால் மணி நேரம். வருடாவருடம் புது ஆட்களுக்கு அவன் வாயாலேயே சொல்கிற பாடம். தண்ணீர் பத்தடி தூரத்தில் வாய்க்காலில் சலசலவென்று ஓடிக்கொண்டிருந்தது, அவன் காதில் விழுந்துகொண்டிருந்தது. கையை எடுத்தால் அவள் தலை தொங்கிவிடும். நனைந்த சட்டைக் கையைத் தன் பல்லால் இழுத்து, அவள் கழுத்தில் ஒற்றினான். அதனால் என்ன ஆகும்? அதையே திரும்பத் திரும்பச் செய்தான். "யாராவது இருக்கீங்களா!" என்று கத்தினான்.

வயலின் அந்தக் கோடியில், விமானம் எந்த வரிசையில் வரவேண்டும் என்று காட்ட ஒரு கொடிக்காரர் எப்போதும் நிற்பார். அறுபதை நெருங்கிய மனிதர். கொடியைக் கையில் பிடித்தபடியே சோளத்தை விலக்கிக்கொண்டு ஓடிவந்தார். வந்தவர் பார்த்தவுடன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"அண்ணே, உட்காராதீங்க! தண்ணி! தொப்பியில மோந்துட்டு வாங்க!"

அவர் தொப்பியில் மொண்டு மொண்டு கொண்டுவந்து ஊற்றினார். பாதி வழியிலேயே ஒழுகிப்போனது. நடுவில் தன் கைபேசியில் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார். "எந்த ரோடுன்னு கேக்கறாங்க" என்று அவனிடம் குனிந்தார்.

"பாலத்துகிட்ட வரச் சொல்லுங்க."

"ரோடு பேரு என்னன்னு கேக்கறாங்கப்பா. ரோடே இல்லையே, நான் என்ன சொல்ல?"

"சோளக் காடுன்னு சொல்லுங்க, மருந்து பிளேன்னு சொல்லுங்க, எதையாவது சொல்லுங்கண்ணே!"

நாற்பது நிமிடம் ஆயிற்று. அந்த நாற்பது நிமிடமும் அவன் செய்ததெல்லாம் இரண்டு கையையும் அசைக்காமல் வைத்திருந்ததுதான். கை மரத்துப்போய், யாருடைய கையோ மாதிரி ஆகிவிட்டது. அவள் இடையிடையே பேசினாள். "பாப்பாகிட்ட இப்ப சொல்லாதீங்க, பரீட்சை" என்றாள். ஒரு தடவை மிகத் தெளிவாக, "மீட்டர் எவ்வளவு காட்டுச்சு?" என்றாள். "ஆயிரத்து இருநூறு" என்றான். "ம்" என்றாள். அதற்குப் பிறகு அவள் பேசவில்லை. பிடியை இழுத்தாயா என்று கேட்க அவன் வாய்வரை வந்தது. அந்த நேரத்தில் அதைப் போய்க் கேட்பதா என்று விழுங்கிக்கொண்டான்.

மருத்துவமனையில் ஒரு இளம் டாக்டர் ஓடிவந்து, "என்ன மருந்து, என்ன வீரியம், தெரியுமா?" என்றார். அவன் மருந்தின் பெயர், அதில் கலந்திருக்கும் ரசாயனம், லிட்டருக்கு எத்தனை மில்லி, தோலில் எவ்வளவு நேரம் பட்டது, எல்லாவற்றையும் பாடம் ஒப்பிப்பதுபோல் சொன்னான். டாக்டர் எழுதிக்கொண்டு ஓடினார். அன்று அவனால் உருப்படியாகச் செய்ய முடிந்தது அது ஒன்றுதான்.

பிறகு பெஞ்சில் உட்கார்ந்தான். எதிரே இருந்த கதவில் வட்டமாக ஒரு கண்ணாடி. அதற்கு உள்பக்கம் யாரோ காகிதம் ஒட்டியிருந்தார்கள். யாராவது கதவைத் திறந்துகொண்டு வந்தால் எழுந்து நிற்பான். அவர்கள் அவனைத் தாண்டிப் போவார்கள். உட்காருவான். இப்படி எத்தனை தடவை எழுந்து உட்கார்ந்தான் என்று அவனுக்கே தெரியாது. முதலாளி வந்தார், தோளில் கை வைத்தார், பழச்சாறு வாங்கிக் கொடுத்துவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். அவருடைய கைபேசி அடித்துக்கொண்டே இருந்தது. அவர் எடுக்கவில்லை.

மகளுக்குச் சொல்லாமல் எப்படி இருப்பது? அவள் கல்லூரி விடுதியில் இருந்தாள். முதலாளியின் கைபேசியை வாங்கிக் கூப்பிட்டான்.

"யாரு நம்பர்ப்பா இது?"

"என் போன் தண்ணியில விழுந்துருச்சும்மா."

"சரி, அம்மாகிட்ட குடுங்க."

அவன் கைபேசியை மறு காதுக்கு மாற்றிக்கொண்டான்.

"அப்பா? அம்மாகிட்ட குடுங்க."

"அம்மா உள்ள இருக்காம்மா" என்றான். "ஆஸ்பத்திரியில. நீ கிளம்பி வா."

ஆறு மணி நேரப் பயணம் செய்து, பரீட்சையை விட்டுவிட்டு வந்து சேர்ந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது. அவன் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டாள். கேட்டுவிட்டு, "நீங்கதான லோடு போட்டீங்க?" என்றாள். வேறு ஒன்றும் நினைத்து அவள் அதைக் கேட்கவில்லை. எப்போதும் அப்பாதானே போடுவார், அன்றைக்கும் அப்பாதானா என்ற அளவில்தான். "ஆமாம்மா" என்றான் அவன். அதற்குப் பிறகு அன்று முழுவதும் மகளின் முகத்தை அவனால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

முதுகெலும்பில் அறுவை சிகிச்சை நடந்தது. முடிந்து வெளியே வந்த பெரிய டாக்டர், "உயிருக்கு ஆபத்தில்ல. காலைப் பத்தி இப்ப எதுவும் சொல்ல முடியாது" என்றார்.

"எப்ப சொல்ல முடியும் டாக்டர்?"

"அதையும் இப்ப சொல்ல முடியாதுங்க."

ஐந்தாம் நாள் விசாரணை அதிகாரி ஒருவர் வந்தார். அவனையும் கூட்டிக்கொண்டு ஓடுபாதைக்குப் போனார். விமானத்தை நிமிர்த்தி, தார்ப்பாய் போட்டு மூடியிருந்தார்கள். அதிகாரி டேப்பைப் பிடித்து அளந்தார், மண்ணைக் கம்பியால் குத்திப் பார்த்தார், படம் எடுத்தார். அவன் ஒன்று விடாமல் சொன்னான். நூற்றைம்பது லிட்டர் குறைக்கவா என்று கேட்டது, வேண்டாம் என்று அவள் சொன்னது, முழுதாக ஏற்றியது. காற்றுப்பை திரும்பியதைப் பார்த்தது, வாக்கி-டாக்கி லாரியில் கிடந்தது, இரண்டு எட்டு வைத்து நின்றது.

"எதுக்கு நின்னீங்க?"

"அவ பாத்திருப்பான்னு நினைச்சேன் சார்."

அதிகாரி எழுதிக்கொண்டார். "சிவப்புப் பிடி பாதி இழுத்த நிலையில இருக்கு. அவங்க இழுத்தாங்களா, விழுந்த வேகத்துல நகந்துச்சான்னு தெரியல."

"சார், நான் ஓடிப்போய் வாக்கி-டாக்கில சொல்லியிருந்தா?"

"கிளம்பி எத்தனை விநாடி கழிச்சுச் சொல்லியிருப்பீங்க?"

"தெரியல சார்."

"எனக்கும் தெரியாது. பாருங்க, ஈரத் தரை, வெயில், முழு லோடு, முழு எரிபொருள், காத்து மாறுனது. எல்லாத்துலயும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கு. இது ஒண்ணாலதான்னு எதையும் கைகாட்ட முடியாது."

"அப்ப என் மேல தப்பு இருக்கா இல்லையா?"

அதிகாரி பேனாவை மூடினார். நல்ல மனிதர்தான். "தப்பு யாருதுன்னு சொல்றது என் வேலை இல்லைங்க" என்றார்.

நீ செய்தாய் என்று யாராவது சொல்லியிருந்தால் காலில் விழுந்திருப்பான். நீ செய்யவில்லை என்று சொல்லியிருந்தால் ஒரு வாய் சோறாவது இறங்கியிருக்கும். இரண்டையும் யாரும் சொல்லவில்லை. நான்கு மாதம் கழித்து வந்த அறிக்கையிலும் 'இருக்கலாம்' என்ற சொல்தான் பக்கத்துக்குப் பக்கம் இருந்தது.

அவளிடம்தான் கேட்க வேண்டும். அவளுக்கோ அன்றைய காலை மறந்துபோயிருந்தது. முந்தின நாள் மாலை லாரிக்கு டயர் மாற்றியது நினைவிருந்தது. அதற்குப் பிறகு ஆஸ்பத்திரி விட்டத்தில் சுழன்ற மின்விசிறி. நடுவே இருந்த ஏழு தடவையும் எட்டாவது தடவையும் சுத்தமாகத் துடைத்துவிட்டது போல் காணாமல் போயிருந்தன.

சக்கர நாற்காலியில் வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள், மகள் கடைக்குப் போயிருந்தபோது, அவன் அவள் எதிரே முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். காற்றுப்பையைப் பற்றிச் சொன்னான். இரண்டு எட்டு வைத்ததைச் சொன்னான். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"நான் பாக்கலையா?"

"தெரியலையே. நீ முன்னாடி பாத்துட்டிருந்த."

"பாத்திருந்தா நிறுத்தியிருப்பேன்." கொஞ்சம் யோசித்தாள். "இல்ல, ஏறிடலாம்னு நினைச்சிருப்பேனோ என்னவோ. நான் எப்படின்னு எனக்கே தெரியலையே."

"ஏதாவது சொல்லு. என்னைத் திட்டவாவது திட்டு."

"எதுக்குத் திட்டறது? என்ன நடந்துச்சுன்னு தெரிஞ்சாத்தான திட்ட முடியும்?" என்றாள். அப்புறம், அவன் எதிர்பார்க்காத நேரத்தில், அவள் குரல் உயர்ந்தது. "என் முடிய எதுக்கு வெட்ட விட்டீங்க?"

"மருந்து ஒட்டியிருந்துச்சு. நர்சுதான்..."

"என்னை ஒரு வார்த்தை கேக்கணும்னு தோணலையா? இடுப்பு வரைக்கும் வளத்து வெச்சிருந்தேன்! கால்தான் போச்சு, அதையாவது விட்டிருக்கக் கூடாதா?"

அவள் அழுதாள். விழுந்த நாளிலிருந்து அவள் அழுதது அதுதான் முதல் தடவை. வெட்டும்போது அவள் மயக்கத்தில் இருந்தாள், கேட்க வழியே இருக்கவில்லை. அதைச் சொல்லாமல் அவன் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தான். "வளந்துரும்" என்று சொல்ல வந்தான். எது வளரும், எது வளராது என்ற பேச்சுக்குள் போக அவனுக்குத் தைரியம் இல்லை.

இடது கால் மெல்ல அசையத் தொடங்கியது. வலது கால் அசையவில்லை. கழுத்தில் மருந்து பட்ட இடம் வெளுத்து, உள்ளங்கை அளவுக்குப் படர்ந்து நின்றது. குளியலறைக் கதவை அகலப்படுத்தினான். அடுப்பு மேடையைத் தாழ்த்தினான். அவளுடைய விமானி உரிமத்தைப் புதுப்பிக்கச் சொல்லி வழக்கமான கடிதம் வந்தது. யாருக்கும் விஷயம் தெரியாமல் இயந்திரம் அனுப்பிய கடிதம். அதை அவள் கையில் கொடுப்பதா மறைப்பதா என்று இரண்டு நாள் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தான். மூன்றாம் நாள் துணி மடிக்கும்போது அவளே எடுத்துப் படித்தாள். மடித்துத் திரும்ப அதே பையில் வைத்தாள்.

அடுத்த பருவத்துக்கு நிறுவனம் வேறு விமானமும் வேறு விமானியும் கொண்டுவந்தது. முதலாளி கூப்பிட்டார். "கட்டாயப்படுத்தலப்பா. உன் மாதிரி கலக்கத் தெரிஞ்ச ஆள் எனக்குக் கிடைக்கல."

அவன் முடியாது என்று சொல்லத்தான் இருந்தான். "போங்க" என்றாள் அவள். "நாள் பூரா என் மூஞ்சியவே பாத்துட்டு உக்காந்திருக்கீங்க. எனக்கும் மூச்சு முட்டுது, உங்களுக்கும் மூச்சு முட்டுது."

புது விமானிக்கு முப்பது வயதுகூட இருக்காது. நடந்தது அவனுக்குத் தெரியும். அதனால் அதிகப்படி மரியாதை, எதற்கெடுத்தாலும் "அண்ணே". அளவுக்காரன் இப்போது வாக்கி-டாக்கியைக் கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டிருந்தான். குளிக்கும்போது தவிர கழற்றுவதில்லை என்று கொடிக்காரர் கிண்டல் செய்தார்.

மதியம் எரிபொருள் நிரப்பியபின் அவன் சொன்னான். "நூத்தம்பது குறைச்சுக்கலாம் தம்பி."

"காத்து நல்லாத்தான அண்ணே இருக்கு? தரையும் காஞ்சிருக்கு. ஃபுல்லாவே போடுங்க."

"காத்து மாறும்."

"மாறினா நீங்க சொல்ல மாட்டீங்களா?" என்று இளைஞன் சிரித்தான். கெட்ட எண்ணம் இல்லாத சிரிப்பு.

ஏற்றுகிறவன் அவன், ஓட்டுகிறவன் சொல்வதுதான் அளவு. மீட்டரில் ஆயிரத்து இருநூறு வரும்வரை பார்த்துக்கொண்டு நின்றான். குழாயைக் கழற்றினான். விமானம் கிளம்பியது. வாக்கி-டாக்கியை வாய்க்கு நேரே பிடித்துக்கொண்டு, கண்ணைக் காற்றுப்பைக்கும் விமானத்துக்கும் மாற்றி மாற்றி ஓட்டினான். சொல்வதற்கு ஒன்றும் நடக்கவில்லை. விமானம் நீளமாக ஓடி, எழுந்து, வாய்க்காலைத் தாண்டிப் போனது. அவன் கொட்டகைச் சுவரோரம் போய்க் குந்திக்கொண்டான். அடுத்த லோடுக்கு அது திரும்பி வர பதினைந்து நிமிடம் இருந்தது. அந்தப் பதினைந்து நிமிடமும் எழவில்லை.

மாலையில் வீட்டுக்கு வந்தபோது அவள் ஜன்னலோரம் இருந்தாள். ஓடுபாதை வீட்டிலிருந்து மூன்று கிலோமீட்டர். காற்று இந்தப் பக்கம் அடித்தால் எஞ்சின் சத்தம் கேட்கும்.

"மத்தியானம் ஒண்ணு ரொம்ப நேரம் ஓடிச்சே" என்றாள். "ஃபுல் லோடா?"

"ஆமா."

"நீங்க சொல்லலையா?"

"சொன்னேன்."

"என்ன சொன்னான்?"

"காத்து நல்லாத்தான இருக்குன்னான்."

அவன் கை கால் கழுவி, துணி மாற்றிக்கொண்டு வந்து, முக்காலியை இழுத்துப் போட்டான். அவளுடைய வலது காலைத் தூக்கித் தன் மடியில் வைத்து, மருத்துவமனையில் காட்டிக் கொடுத்தபடி முழங்காலை மடக்கி நீட்டத் தொடங்கினான்.

"ஏதாவது தெரியுதா?"

"இல்ல" என்றாள் அவள். "பண்ணுங்க."